பீரோவில் இருந்த பேரிங்

செப்டம்பர் 15, ஞாயிறு

இந்த டைரி இவர், என் வீட்டுக்காரர், வேலை பார்க்கிற பாங்கில் ஜனவரியில் கொடுத்தது. எட்டரை மாதமாகப் பால்காரன் கணக்குக்குக்கூட ஆகாமல் கிடந்தது. இன்றைக்கு எழுதத் தோன்றியிருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டைரியில் பொய் எழுதுவதில்லை. வெளியில் தேவைக்குத் தகுந்தாற்போல் பேசிக்கொள்ளலாம்.

காலையில் என் தங்கை மிருதுளா அவளுடைய மஞ்சள் வண்டியை என் லேத் பட்டறைக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். ஓட்டிக்கொண்டு இல்லை, உருட்டிக்கொண்டு. ஜெர்மன்காரன் செய்த ரேஸ் ஜாதி வண்டி. இரண்டே சீட், சீட்டுக்குப் பின்னால் என்ஜின். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மில் முதலாளி வீட்டு ஷெட்டில் எலிக் குடும்பத்தோடு கிடந்ததை வாங்கி வந்து உயிர் கொடுத்தாள். எங்கள் கணபதி ஏரியா முழுக்க அதற்குப் பெயர் மஞ்சத் தவக்களை.

"அக்கா, ஐட்லிங்ல ஒரு சத்தம் வருது. கேளு" என்று ஸ்டார்ட் செய்தாள்.

நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தேன். உள்ளே ஆழத்தில், உரலில் கொள்ளு அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு.

"கேக்குதா?"

"எனக்கென்ன காதா அவிஞ்சு போச்சு? நிறுத்து வண்டிய!"

நடு ஷாப்ட் பேரிங். இந்த வண்டியின் வயிற்றுக்குள் ஒரு ஷாப்ட் சுற்றுகிறது. வால்வுகளைத் திறந்து மூடுகிற செயின்களை அதுதான் இழுக்கிறது. அதன் ஒரு முனை அதிரசம் அளவு பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அது உடைந்தால் செயின் நழுவும், வால்வு வளையும், என்ஜினைப் பழைய இரும்புக்குப் போடலாம். அதை எட்ட வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, பிளைவீலைக் கழற்றி, சாமி கருவறைக்குப் போகிற மாதிரி ஒவ்வொரு வாசலாகப் போகவேண்டும்.

அவளுக்கு அக்டோபர் 24ஆம் தேதி விமானம். ஸ்வீடனில் என்ஜின் சோதிக்கிற ஒரு கம்பெனியில் வேலை. நவம்பர் ஒன்றாம் தேதி சேரவேண்டும். இன்றைக்கு வண்டியைக் காட்டித் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இவளை ஓட வெச்சு, உன்னைய உக்கார வெச்சுக் குன்னூர் ஏறி எறங்குனாத்தான் நான் பிளைட் ஏறுவன். இல்லாட்டி இல்ல."

சரி, செய்துவிடலாம் என்றேன். நாற்பது நாள் இருக்கிறது. கை சுத்தமாக வேலை செய்தால் பத்து நாள் போதும்.

செப்டம்பர் 18, புதன்

ஆயில் பில்டரை அறுத்துப் பார்த்தோம். மடிப்புகளில் ஜிகினா மாதிரி இரும்புத்தூள், ஆனால் கொஞ்சம்தான். "இன்னும் பொழைக்க வாய்ப்பிருக்கு" என்றேன். மிருதுளா வண்டியின் பின்பக்கத்தில் தட்டிக்கொடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் கியர்பாக்ஸ் இறங்கிவிட்டது. ஜாக்கியில் நான், அடியில் அவள். புரட்டாசி பிறந்துவிட்டதால் வீட்டில் கறி இல்லை, அந்தக் கோபத்தை எல்லாம் போல்ட்டில் காட்டினாள்.

ராத்திரிச் சமையல் இவர். தக்காளிச் சாதம் நன்றாகவே இருந்தது, அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

பீரோவில் புடவைகளை எடுத்து உதறி மடித்து வைத்தேன். மறுபடி பூட்டினேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

பிளைவீல் கழன்று வந்துவிட்டது. என்ஜின் இம்மி அசையாமல் இருக்க மூன்று ஊசி செருகினோம். கிராங்குக்கு ஒன்று, மேலே கேம் ஷாப்டுகளுக்கு இரண்டு. ஊசி என்றால் விரல் பருமன் இரும்புக் கம்பி, தலை மட்டும் வெளியே தெரியும். இது இல்லாமல் பேரிங்கை உருவினால் செயின் ஒரு பல் தாண்டும், அப்புறம் அழுதாலும் வராது.

பேரிங்கை இழுக்கத் தனியாக ஒரு புல்லர் வேண்டும். நானே லேத்தில் கடைந்து தருகிறேன் என்றேன்.

"எத்தன நாளாகுங்கா?"

"நல்ல இரும்பு வரணும், கடையணும், பதம் போடணும். அஞ்சாறு நாளு."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு "சரிங்கா, அவசரமில்ல" என்றாள்.

செப்டம்பர் 25, புதன்

புல்லர் முடிந்தது. கண்ணாடி மாதிரிப் பாலிஷ் போட்டிருக்கிறேன். புல்லருக்கு எதற்குப் பாலிஷ் என்று இவர் கேட்டார். பாங்கில் உட்கார்ந்து சீல் குத்துகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

செப்டம்பர் 26, வியாழன்

பழைய பேரிங் வந்துவிட்டது! ஒரு திருகு, இன்னொரு திருகு, 'டொக்' என்று கையில் விழுந்தது. ஒரு குண்டில் அம்மைத் தழும்பு மாதிரி பொரிந்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் முடிந்தது கதை. மிருதுளா சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்து என் கன்னத்தில் கிரீஸ் கையோடு முத்தம் வைத்தாள். முப்பத்தோரு வயசு எருமை.

அம்மா போனபோது இவளுக்கு மூன்று வயசு, எனக்குப் பதினாறு. அப்பாவுக்கு லேத் மட்டும்தான் தெரியும், தலைவாரத் தெரியாது. நான்தான் தலை வாரினேன், பொட்டு வைத்தேன், இம்மி அளக்கிற வெர்னியர் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் இவருக்கும் பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் இவளுக்கு அடுத்துத்தான் பிறந்திருக்கும்.

இந்த வண்டிக்கு இரண்டு அகலத்தில் பேரிங் உண்டு. திறந்து அளந்தால்தான் எது என்று தெரியும். மிருதுளாவே அளந்து, பெங்களூர்க் கடைக்கு ஆர்டர் போட்டாள். ஒரு வாரத்தில் வரும்.

அக்டோபர் 3, வியாழன்

பார்சல் வந்தது. தப்பு அளவு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவாங்க. நீ பேரிங்குக்கே அளக்காம போட்டிருக்க! பத்து வயசுல வெர்னியர் புடிச்சவளுக்கு கண்ணு எங்க போச்சு?"

"தப்பாப் போச்சுங்கா. திட்டாத. மறுக்கா போட்டுட்டன், பத்தாந்தேதி வந்துரும்."

ஒரு வாரம் வீண். சாயங்காலம் அவளுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் முறுக்கு சுட்டேன். கோபமாகத்தான் சுட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

சரியான பேரிங் வந்துவிட்டது. இதை ஒரு ராத்திரி பிரீசரில் வைத்தால் இம்மி சுருங்கும், அப்போதுதான் துளைக்குள் நேராக இறங்கும். நாளைக்கு ஆயுத பூஜை.

"இப்பவே பிரீசர்ல போட்டு, காலைல வெள்ளனா மாட்டிரலாமா? பூசை பதினோரு மணிக்குத்தான்" என்றேன். கேட்டுவிட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

"புதுச் சாமானுங்கா. பூசைல வெச்சு எடுத்துப் போட்டா நல்லதில்லையா?" என்றாள் மிருதுளா.

கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நிற்கிறவள் இவள். ஆனாலும் பூஜை நல்லதுதானே, நானும் சரி என்றேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவி, லேத்துக்கு மாலை போட்டு, டூல் எல்லாவற்றையும் வாழை இலையில் பரப்பினோம். சந்தனம் குங்குமம் வைப்பது எப்போதும் இவர் வேலை. இவர் கிண்ணத்தை எடுத்தால் எதையும் விடமாட்டார். லேத், டிரில்லிங் மெஷின், மிக்ஸி, பிரிட்ஜ், ஸ்கூட்டர், டி.வி. ரிமோட், என் மூக்குக்கண்ணாடிக் கூடு. கட்டை விரலால் ஒரு அழுத்து, எட்டணா அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். என்ஜினில் நீட்டிக்கொண்டிருந்த மூன்று ஊசித் தலைக்கும் வைத்தார்.

"அதுக்கெதுக்குங்?" என்றேன்.

"சாமி முன்னாடி ஊசியென்ன ஒலக்கையென்ன, எல்லாம் ஒண்ணுதான் தமா." என் பெயரை இவர் சுருக்குவது அப்படித்தான்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. பொரிகடலை தின்றுவிட்டு மூன்று பேரும் சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்து கதை பேசினோம். நெடுநாளைக்குப் பிறகு அப்படி ஒரு நாள்.

அக்டோபர் 12, சனி

அட கெரகமே!

விடிந்ததும் கற்பூரம் காட்டி இலையை எடுத்தோம். பேரிங்கைத் தூக்கினால், உள்ளே குண்டுகளுக்கு நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ராத்திரியெல்லாம் காய்ந்து இறுகிக் கிடக்கிறது.

"மேல மூடியிருந்த ரப்பர் சீல் எங்க?" என்று கத்தினேன்.

"நான்தாங்கா நேத்து காலைல கழட்டுனன்" என்றாள் மிருதுளா. "உள்ள ஆயில் நல்லாப் போகட்டும்னு. தொறந்து இலைல வெச்சேன். மாமா பொட்டு வெச்சுட்டாரு போல."

இவர் வாசலில் பேப்பரோடு நின்றிருந்தார். மிருதுளாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமா… வெச்சிருப்பன். கைவாக்குல" என்றார்.

நான் பேசியதை எல்லாம் எழுதப் பக்கம் போதாது. மூன்று தடவை பெட்ரோலில் கழுவினேன். சுற்றிக் காதில் வைத்தால் இன்னும் நறநற. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும், பழைய கதைதான். இதை மாட்டமாட்டேன்.

பெங்களூருக்குப் போன் போட்டோம். அவர்களிடம் இருந்த கடைசி பேரிங் அதுவாம். வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். விமானத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

மிருதுளா ஸ்வீடன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள், ஜனவரியில் சேரலாமா என்று. முடியாதாம். ஒன்றாம் தேதி வராவிட்டால் அடுத்து நிற்கிற ஆளை எடுத்துக்கொள்வார்களாம். வருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

"போனாப் போவுது. இவளப் பிரிச்சுப் போட்டுட்டு நான் எப்படிப் போறது? வரலைன்னு எழுதிப்போடறன்" என்று சிரித்தாள். ஏழு தோசை தின்றாள். ஏழாவது தோசைக்குச் சட்னி கேட்கவில்லை.

எவ்வளவு பெரிய வாய்ப்பு, வீணாகப் போகிறதே என்று எனக்குக் கவலைதான். சந்தோஷமெல்லாம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் கேசரி கிண்டினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

இவரோடு நான்கு நாளாகப் பேச்சு இல்லை. காபியை டொக் என்று வைக்கிறேன், அவரும் நன்றி மாதிரி ஒன்று முனகிவிட்டுக் குடிக்கிறார்.

இன்றைக்கு பேரிங்கைத் தூக்கிப்போட மனசில்லாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவியும் பொட்டுத் தடம் மஞ்சளும் சிவப்புமாக ஒட்டியிருக்கிறது. எண்ணினேன். ஒவ்வொரு இரண்டு குண்டுக்கும் நடுவில் ஒன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாம் பாசிப்பயறு அளவு.

இவர் கட்டை விரலால் வைக்கிற ஆள். எட்டணா அளவுக்குக் குறைந்து இந்த ஜன்மத்தில் வைத்ததில்லை. அந்தக் கட்டை விரல் இந்த இடுக்கில் நுழையவே நுழையாது.

மோதிர விரல் நுனியில் தொட்டு, பாசிப்பயறு அளவுக்கு மேல் போகாமல் பொட்டு வைக்க இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவளுக்கு ஐந்து வயசில், கண்ணாடி முன்னால் ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி.

அக்டோபர் 16, புதன்

இவரிடம் கேட்டேன். "நீங்கதான் வெச்சீங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு ஆமான்னீங்?"

"புள்ள மொகத்தப் பாத்தன். பயந்துட்டு நின்னா. நான் திட்டு வாங்குனா தேய்ஞ்சா போயிருவன், முப்பது நாளும் வாங்கறதுதான?"

இருபத்திரண்டு வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறேன். சில நாள் கும்பிடத் தோன்றுகிறது. கும்பிடவில்லை, பில்டர் காபி போட்டுக்கொடுத்தேன். இரண்டாவது டம்ளரும்.

அக்டோபர் 17, வியாழன்

மிருதுளாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவளும் என்னைக் கேட்பாள்.

மதியம் சாப்பிடக் கூப்பிடப் பட்டறைக்குப் போனேன். அவள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள், காலில் சார்ஜர் வயர் சுற்றிக்கொண்டு, போனில் யாரோ ஒரு பொம்பளை ஏதோ பாஷையில் சொல்லச்சொல்ல இவள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "யாக் ஹேத்தர் மிருதுளா. யாக் ஹேத்தர் மிருதுளா." அவள் பெயர் மட்டும்தான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் திருத்தி, இன்னும் கொஞ்சம் சந்தோஷமாகச் சொன்னாள். என்ஜினைப் பார்த்துச் சொன்னாள்.

நாளைக்கு 'வரவில்லை' என்று எழுதப்போகிறவள் இன்றைக்கு எதற்கு அந்த ஊர்ப் பாஷை படிக்கிறாள்?

லேத்துக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பி வந்தேன். ரசம் ஆறிப்போயிருந்தது.

இதை எழுதித்தான் ஆகவேண்டும். டைரியில் பொய் எழுதுவதில்லை என்றேன். எழுதாமல் விட்டதும் பொய்தான்.

என்னிடம் பேரிங் இருக்கிறது. பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவள் வண்டி வாங்கின வாரத்திலேயே விசாரித்தேன். இந்த வண்டிகளில் இந்த பேரிங் ஒருநாள் காலை வாரும் என்றார்கள். இரண்டு அளவிலும் ஒவ்வொன்று வாங்கி வைத்தேன். அவள் நடுரோட்டில் நிற்கக்கூடாதே என்று வாங்கினதுதான். செப்டம்பர் 26ஆம் தேதி அந்தத் துளை திறந்த நிமிஷமே எது சேரும் என்று கண்ணாலேயே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அவள் தப்பு அளவு ஆர்டர் போட்டதும் பார்த்தேன். அப்போதும் திறக்கவில்லை. புல்லர் ஒன்றரை நாள் வேலை, அதை ஆறு நாள் இழுத்தவள் நான்.

வண்டி ஓடினால் அவள் போய்விடுவாள். அவ்வளவுதான் காரணம்.

அக்டோபர் 18, வெள்ளி

காலையில் அவள் எழுவதற்கு முன்னால் பீரோவைத் திறந்தேன். பேரிங்கைக் கவரில் சுற்றிப் பிரீசரில் வைத்தேன், பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில்.

எட்டு மணிக்கு ஐஸ் எடுக்கப் பிரீசரைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா… இது எங்கிருந்து வந்துது?"

"பீரோல இருந்து."

"எப்ப இருந்து இருக்குது?"

"நீ வண்டி வாங்குன வாரத்துல இருந்து."

சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கவரை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப இந்த ஒரு மாசமா…"

"ஆமா."

"ஏங்கா?"

"நீ எதுக்கு ஒவ்வொரு குண்டுக்கும் நடுவுல பொட்டு வெச்ச?"

அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "பொட்டு சைஸ் பாத்துட்டியா?" என்றாள்.

"சொல்லிக்குடுத்தவளுக்குத் தெரியாதா? பூனை கண்ண மூடிக்கிட்டா ஒலகம் இருண்டுருமா? அதோட, வெர்னியர்ல தப்பா அளந்தவ மூஞ்சியப் பாரு!"

"புல்லருக்குப் பாலிஷ் போட்டவ மூஞ்சியப் பாரு!"

சிரித்தோம். தோசை கருகிற வரைக்கும் சிரித்தோம். பிறகு அவள் அழ ஆரம்பித்தாள், என் காலைக் கட்டிக்கொண்டு, மூன்று வயசில் கட்டிக்கொண்ட மாதிரியே.

"பயமா இருக்குதுக்கா. அங்க யாரையும் தெரியாது. நீ ஒரு வார்த்தை போகாதேன்னு சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தன். நீ சொல்லவே இல்ல. நான் போனா உனக்கொண்ணும் இல்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சன்."

"உனக்குப் போக ஆசையா இல்லையா? அதச் சொல்லு மொதல்ல."

மடியில் இருந்த கவரை இரண்டு தடவை திருப்பினாள். பிறகு, "ரொம்ப ஆசையா இருக்குதுக்கா" என்றாள், திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி.

"அப்பப் போ சாமி. நீ போனா எனக்கு இந்த வீட்டுல கையும் ஓடாது காலும் ஓடாது. இருந்தாலும் போ. போயி, 'வர்றன்'னு எழுதிப்போடு. இன்னைக்கே எழுது."

கரண்டியோடு வாசலில் நின்றிருந்த இவர் கேட்டார்: "அப்ப நான் ஒரு வாரமா எதுக்குத் திட்டு வாங்குனன்?"

அக்டோபர் 19, சனி

மாட்டிவிட்டோம்.

பிரீசரிலிருந்து எடுத்த நிமிஷத்திலிருந்து ஓட்டம்தான். சூடேறினால் பேரிங் வீங்கிக்கொள்ளும், கோணலாக இறங்கினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். இவர் சமையல்கட்டிலிருந்து பட்டறைக்குப் பாத்திரத்தில் வைத்துத் தீர்த்தக் குடம் மாதிரிக் கொண்டுவந்தார். நான் நேராகப் பிடித்தேன், மிருதுளா அடித்தாள். ஐந்து அடி. முதல் நான்கும் 'டங்' என்றது. ஐந்தாவது 'டொத்' என்று சத்தம் மாறியது. அடியில் போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"போச்சா?"

"போச்சு."

இருவரும் தரையில் சாய்ந்தோம். என் முதுகு இரண்டாகப் போயிருக்கும், அதைப் பற்றி நாளைக்குப் பார்க்கலாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

பிளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் ஏறிவிட்டது. நான்கு மணிக்கு மிருதுளா சீட்டில் உட்கார்ந்து சாவியில் கை வைத்தாள். அந்த நேரத்தில் இவர் டூல் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏந் தமா, என்ஜின்ல மூணு ஊசிக்குப் பொட்டு வெச்சன். தட்டுல ரெண்டுதான் கெடக்குது" என்றார்.

கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினேன். "மிருது, சாவிய விடு! கைய எடு!"

கிராங்க் ஊசி உள்ளேயே இருந்தது. அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில், மற்றவள் எடுத்திருப்பாள் என்று விட்டிருக்கிறோம். ஸ்டார்ட் போட்டிருந்தால் ஒரு மாத வேலையும் ஒரு நொடியில் போயிருக்கும். கும்பிடத் தோன்றுகிறது என்று எழுதினேன் அல்லவா, இன்றைக்குக் கும்பிட்டே விட்டேன். கிரீஸ் கையோடுதான். "இருக்கட்டும் இருக்கட்டும்" என்று அவர் பின்னால் போய் டயரில் தடுக்கி விழுந்தார்.

ஊசியை உருவிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். முதலில் கொஞ்சம் கடகட, ஆயில் ஏறியதும் அடங்கிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டேன். ஒரு கரகரப்பும் இல்லை. மிருதுளா என் கையிலிருந்து அதைப் பிடுங்கி அவளும் கேட்டாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

குன்னூர். மலையேற்றத்தில் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் நான் சாமி பெயரைச் சொன்னேன், அவள் கியரைக் குறைத்தாள். பர்லியாறில் நிறுத்தி மங்குஸ்தான் கிடைக்குமா என்று பார்த்தோம், சீசன் முடிந்துவிட்டதாம். டீயும் வர்க்கி பிஸ்கட்டும் சாப்பிட்டோம்.

இறங்கும்போது சாவியை என்னிடம் கொடுத்தாள். நான் ஓட்டினேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். மெதுவாகவே ஓட்டினேன்.

அக்டோபர் 24, வியாழன்

ஏர்போர்ட்டுக்கு மஞ்சத் தவக்களையில் நானும் அவளும். பெட்டிகளோடு இவர் பின்னால் டாக்ஸியில். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடியே அதிரசம் சுட்டுக் கொடுத்தேன்.

உள்ளே போன அரை மணி நேரத்தில் போன் வந்தது. சிரிப்பில் பேச முடியவில்லை அவளுக்கு. "அக்கா, கைப்பையில அந்தச் சந்தனப் பேரிங்க வெச்சிருந்தன். செக்கிங்ல எடுத்து, இது என்னன்னு கேக்கறாங்க."

"ஐயய்யோ, என்ன சொன்ன?"

"பிரசாதம்னு சொன்னன். மறுக்கா மறுக்காத் திருப்பிப் பாத்தாங்க. குங்குமத்தப் பாத்துட்டு, சரி போங்கன்னுட்டாங்க."

அக்டோபர் 27, ஞாயிறு

வீட்டில் சத்தமே இல்லை. பிரிட்ஜில் ஐஸ் கட்டி காலியாகாமல் இருக்கிறது. கை தானாக மூன்று தட்டு எடுத்து வைக்கிறது, இவர் பேசாமல் ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறார்.

மதியம் போன் செய்தாள். குளிர் ஏழு டிகிரியாம். பக்கத்து ரூம்காரிக்கு அதிரசம் கொடுத்தாளாம், அவள் அதைக் கத்தியால் வெட்டித் தின்றாளாம். பிறகு, "அக்கா, அவள ஸ்டார்ட் பண்ணு. சத்தம் கேக்கணும்" என்றாள்.

ஸ்டார்ட் செய்து, போனை சீட்டுக்குப் பின்னால், என்ஜின் பக்கமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் என்ஜின் மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்குது?" என்று கடைசியில் கேட்டேன்.

"பேரிங் சுத்தமா இருக்குதுக்கா, ஒரு கொறையும் இல்ல. நீ அழுவற சத்தம்தான் குறுக்க வருது."

நான் எங்கே அழுதேன் என்று சண்டை போட்டுவிட்டு போனை வைத்தேன். இங்கே அப்படி எழுதமாட்டேன்.